வெடிக்குப் பழகின காது என்று ஒன்றில்லை

"செல்லடிக்கே அசையாத காது மிஸ், இந்த ஒரு வெடி என்ன செய்யப்போகுது?"

யுத்தத்தில் செல்வீச்சைக் கண்ட வன்னியில் காதுப் பரிசோதனை செய்கிற எவருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு காலபோகம் கழியாது. தையிலும் மாசியிலும் நெல் முற்றி நிற்கும்போது நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய், செட்டிகுளம் என்று காட்டை அண்டிய ஊர்களில் இரவு நித்திரை கிடையாது. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பன்றி. விடிந்தால் குரங்கும் மயிலும். காவலுக்குப் போகிறவரின் கையில் அனுமதிப்பத்திரம் உள்ள சொட்கன் இருக்கும், அல்லது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் கொடுத்த, யானையைக் கலைக்க எறிகிற யானை வெடி இருக்கும். இரண்டும் இல்லாதவரிடம் ஊரில் செய்த இடியன் துவக்கு இருக்கும். எது வெடித்தாலும் முதலில் அடிபடுவது அவருடைய சொந்தக் காதுதான். யானைக்குக்கூட அவ்வளவு கிட்டத்தில் வெடிப்பதில்லை.

அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் நேரமும் கிடைத்த பிறகு எங்களிடம் வருவார்கள். தாங்களாக வருவது குறைவு. மனைவியோ மகளோ இழுத்து வருவதுதான் வழமை. "இவர் ரீவியை ஊருக்கே கேக்கப் போடுறார்" என்பது முறைப்பாடு. காதுக்காரர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "முந்தி வெடி வைச்சா ரெண்டு நாளைக்குக் காது கூவும் மிஸ். இப்ப ஒண்டுமில்லை. பழகிட்டுது" என்பார்.

எனக்குப் பயம் தருவது அந்தப் "பழகிட்டுது" தான். உட்காதுக்குள் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. சத்தத்தை நரம்புக்குச் சொல்பவை இவைதான். யானை ஒருமுறை நடந்துபோன வயலில் சாய்ந்த பயிர் சிலது விடிய நிமிர்ந்துவிடும். திரும்பத் திரும்ப மிதிபட்டால் நிமிராது. மயிர்க்கலங்களும் அப்படித்தான். வெடி வைத்த அன்று காது அடைத்து, இரைந்து, அடுத்த நாள் திரும்பியது என்றால் சில கலங்கள் தப்பிவிட்டன என்று அர்த்தம். பல வருடம் கழித்து அடைப்பும் இரைச்சலும் வராமல் போனால், அந்த இடத்தில் இனி மங்குவதற்கு மிச்சம் அதிகம் இல்லாமலும் இருக்கலாம். அதைத்தான் மனிதர் பழக்கம் என்று நினைக்கிறார்.

ஒரு பொறாமையையும் சொல்லிவிடுகிறேன். பறவைகளுக்கு இந்தக் கலங்கள் செத்தாலும் திரும்ப முளைக்கும். கோழிகளில் இதை 1980களிலேயே கண்டுவிட்டார்கள். மயிலும் கோழியின் குடும்பம்தான். வெடி போட்டுக் கலைக்கப்படுகிற மயிலுக்குக் காது திரும்ப வர வாய்ப்பிருக்கிறது, கலைக்கிறவருக்கு இல்லை.

இனி அளவுகள். இரண்டு பேர் சாதாரணமாகக் கதைப்பது 60 டெசிபெல் அளவு. லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் எஞ்சினுக்குப் பக்கத்தில் 90ஐத் தாண்டும். இப்படித் தொடர்ந்து வருகிற சத்தத்துக்கு நேரக் கணக்கு உண்டு: 85 டெசிபெல்லில் 8 மணித்தியாலம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். துவக்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வெடிச் சத்தத்தின் உச்சம் வளர்ந்தவருக்கு 140 டெசிபெல்லையும் பிள்ளைக்கு 120ஐயும் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சாதாரண சொட்கன் சுடுகிறவரின் காதடியில் 150க்கும் 165க்கும் இடையில் வரும். 140க்கும் 160க்கும் வெறும் 20 தானே வித்தியாசம் என்று தோன்றலாம். டெசிபெல் கணக்கில் 20 கூடினால் ஒலியின் அழுத்தம் 10 மடங்கு. ஆகவே ஒரே ஒரு வெடி போதும். பலருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

காதுக்கு இயற்கைக் காவல் ஒன்று இருக்கிறது. பெரிய சத்தம் வந்தால் நடுக்காதில் உள்ள ஒரு குட்டித் தசை இறுகி, உள்ளே போகும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அது முழுதாக இறுக ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும். துவக்கு வெடியின் உச்சம் ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்குக்குள் வந்து முடிந்துவிடும். காவற்காரன் எழும்புவதற்குள் கள்ளன் போய்விட்டான்.

பரிசோதனை அறையில் நடப்பதைச் சொல்கிறேன். ஹெட்போனைப் போட்டு, மெல்லிய சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வோம். சுருதியை 250 ஹேர்ட்ஸிலிருந்து 8000 வரை கூட்டிக்கொண்டு போவோம். எந்தச் சுருதியில் எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்டது என்று கோடாக வரைவதுதான் ஓடியோகிராம். கோடு கீழே போனால் காது கேட்பது குறைவு. வயது போனவரின் கோடு மேல் சுருதிப் பக்கம் போகப்போகச் சரிந்துகொண்டே போகும். வெடியால் கெட்ட காதின் கோடு 2000 வரை ஒழுங்காக வந்து, 4000 அளவில் திடீரென்று பள்ளத்தில் விழுந்து, 8000இல் மறுபடி கொஞ்சம் ஏறும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே ஆழமாக இருக்காது.

"ஐயா, வலக்கையாலதானே சுடுறனீங்கள்?"

"ஓம்... அதெப்பிடித் தெரியும்?"

வலத்தோளில் துவக்கை வைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது வலக்காது தலையின் மறைவுக்குள் போய்விடுகிறது. இடக்காது குழல்வாய்ப் பக்கம் திரும்பி நிற்கிறது. அதனால் இடக்காதின் பள்ளம் ஆழம். இந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் பலர் துவக்குக் கதையை வெளியில் எடுப்பார்கள். அதுவரை மரம் விழுந்தது, இடி விழுந்தது, கோயில் திருவிழாவில் சீனவெடி என்று எல்லாம் சொல்வார்கள். இடியனும், மிருகம் தட்டினால் வெடிக்கும்படி கட்டி வைக்கிற கட்டுத்துவக்கும் சட்டவிரோதம் என்பதால் வருகிற தயக்கம் எனக்கு விளங்கும். ஆனால் வைத்தியம் செய்கிறவர் பொலிஸ் இல்லை. என்ன வெடித்தது, எவ்வளவு கிட்டத்தில், எத்தனை நாளைக்கு முன் என்று தெரியாமல் சரியான வைத்தியம் செய்ய முடியாது. இடியனைப் பற்றி ஒன்று மட்டும்: மருந்தைக் கண்ணளவில் இடிக்கிற ஒரு குழாய் முகத்துக்கு முன்னால் வெடித்துப் பிளந்தால் காதைப் பற்றிப் பேச என்னிடம் வரத் தேவை இருக்காது.

அந்த 4000 பள்ளத்தால் என்ன கெடுகிறது? ஆளோடு கதைத்தால் கெட்டது தெரியாது. அ, ஆ, ஓ போன்ற உயிர்கள் கீழ்ச் சுருதி, பலமானவை, அவை கேட்கும். ச, ட, த, க போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற மெல்லிய கூறுகள் மேலே இருக்கின்றன. அவை போனால் "பத்து", "பட்டு", "பச்சு" எல்லாம் ஒன்றாகிவிடும். "சத்தம் கேக்குது மிஸ், கதைதான் விளங்கேல்லை" என்று சொல்கிறவர் தன் வருத்தத்தை என்னைவிடத் துல்லியமாகச் சொல்கிறார். பேரப்பிள்ளையின் குரல் முதலில் போகும். சந்தையில், கலியாண வீட்டில், நாலு பேர் கூடிக் கதைக்கிற இடத்தில் மெல்ல ஒதுங்கத் தொடங்குவார். ஆளுக்கு மறதி வந்துவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள்.

காவலுக்குப் போகிறவருக்கு இன்னொன்று இருக்கிறது. யானை சத்தம் போடாமல் நடக்கிற மிருகம். இருட்டில் அது வருவதை அறிவிப்பது ஒரு சுள்ளி முறிவதும், சருகு நெரிபடுவதும், இலை உரசுவதும்தான். இவற்றில் பெரும்பகுதி மேல் சுருதிச் சத்தம். அந்தப் பள்ளத்துக்குள் விழுகிற சத்தம். யானையைக் கலைக்கப் போட்ட வெடிகளே, அடுத்த வருடம் யானை பின்னால் வந்து நிற்பதைத் தெரியாமல் செய்துவிடும்.

செல்லடிக் கேள்விக்கு வருகிறேன். யுத்தம் முடிந்த 2009 வரை இந்த மண்ணில் இருந்தவர்களில் பலரின் காது ஏற்கனவே அடிபட்டதுதான். சவ்வு கிழிந்து தானாக மூடியவர்கள், மூடாமல் இன்றும் சீழ் வடிகிறவர்கள், ஒரு காது முழுதாகப் போனவர்கள், பதுங்கு குழிக்குள் பிள்ளையாக இருந்து இன்று முப்பது வயதில் இரைச்சலோடு வருகிறவர்கள். அந்தக் காது அசையவில்லை என்று சொல்வது மானத்துக்குச் சொல்வது. ஓடியோகிராம் அப்படிச் சொல்வதில்லை. அப்போது காதைக் காப்பாற்றுகிற நிலையில் யாரும் இல்லை, உயிரைக் காப்பாற்றினதே பெரிய காரியம். அதில் மிஞ்சின கலங்கள்தான் இன்று வேலை செய்கின்றன. "போன காதுதானே" என்று கவனிக்காமல் விடுகிறவரிடம் நான் கேட்பது, மிச்சத்தை ஏன் பன்றிக்குக் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான்.

காப்பது எப்படி? பஞ்சு காப்பாற்றாது. காதில் பஞ்சு வைத்தால் 5, 6 டெசிபெல் குறையும், அவ்வளவுதான். சுட்ட தோட்டாவின் கோதைக் காதில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உள்ளே சிக்கினால் காதுச் சவ்வுக்கே ஆபத்து. மெத்தை போன்ற நுரையில் செய்த இயர் பிளக், பாதுகாப்புச் சாமான் விற்கிற ஹாட்வெயார் கடைகளிலும் சில பாமசிகளிலும் கிடைக்கும். ஒரு தோட்டாவின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் போடத் தெரியவேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், முக்கியமாகப் பயிருக்குக் கிருமிநாசினி அடித்த அன்று. பிளக்கை விரல்களுக்கிடையில் உருட்டி, சுருக்கம் விழாமல் மெல்லிய திரியாக்குங்கள். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக் குழாய் நிமிரும். திரியை உள்ளே விட்டு, அது விரிந்து இறுகும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். ஒருதரம் கதைத்துப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கனமாகக் கேட்டால் சரி. பாதி வெளியில் நீட்டிக்கொண்டிருந்தால் அது தோடு மாதிரித்தான்.

பெட்டியில் 30 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருப்பது ஆய்வுகூடக் கணக்கு. வயலில் அவசரத்தில் போட்ட பிளக் அதில் பாதியும் குறைக்காமல் விடலாம். 160இல் 15 போனால் 145. இன்னும் எல்லைக்கு மேலேதான். அதனால்தான் துவக்குக்குப் பிளக்கும், அதற்கு மேல் காதை முழுதாக மூடுகிற இயர் மஃப்பும் என்று இரண்டையும் கேட்கிறோம். இரண்டின் எண்களையும் கூட்டக்கூடாது. இரண்டாவது ஒரு 5 டெசிபெல் அளவுதான் கூட்டித் தரும், அதோடு ஒன்று சரியாகப் பொருந்தாவிட்டால் மற்றது காப்பாற்றும். சொட்கன்காரர் மெல்லிய கோப்பை உள்ள மஃப்பாகப் பார்த்து எடுங்கள். தடித்ததாக இருந்தால் கன்னத்தைச் சாய்க்கும்போது துவக்கின் கட்டை அதைத் தள்ளி இடைவெளி விடும். மூக்குக் கண்ணாடியின் காலும் அதே வேலையைச் செய்யும்.

"இதைப் போட்டா யானை வாற சத்தம் எப்பிடி மிஸ் கேக்கிறது?" நியாயமான கேள்வி, இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. விடிய விடிய பிளக்கோடு இருக்கச் சொல்லமாட்டேன். மஃப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காவல் இருங்கள். துவக்கைத் தூக்குவதற்கு முன் காதுக்கு ஏற்றுங்கள். சின்னச் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்து வெடிச் சத்தத்தை மட்டும் அடக்குகிற பற்றரி மஃப்புகள் உண்டு. விலை அதிகம். ஒரு கமக்கார அமைப்பு காவற்காரருக்குப் பொதுவில் ஒன்றிரண்டு வாங்கி வைத்தால் காசு வீண்போகாது என்பது என் அபிப்பிராயம்.

யானை வெடிக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது: எறிந்த பிறகு இரண்டு கையும் சும்மா இருக்கும். காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கிற சின்ன மடிப்பை விரலால் உள்ளே அழுத்தி மூடினால் 25 டெசிபெல் அளவு குறையும், ஒரு சதமும் செலவில்லை. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். அதனால் கொட்டிலுக்குள் இருந்து சுடாதீர்கள், எறியாதீர்கள். தகரக் கூரையும் தகரச் சுவரும் வெடியைத் திருப்பி அடிக்கும். ரோச் லைட் பிடிக்கச் சொல்லி மகனைப் பக்கத்தில் நிறுத்துகிற தகப்பன்மார் கவனிக்கவும்: வெளிச்சம் பிடிக்கிறவன் ஒரு எட்டு முன்னால் நிற்பான், குழல்வாய்க்கு உங்களைவிட அவன்தான் கிட்ட. பிள்ளையின் எல்லை 120 என்று மேலே சொன்னேன்.

வெடிக்குப் பிறகு காது அடைத்தோ இரைந்தோ இருந்து விடிந்தும் விடாவிட்டால் அன்றைக்கே ஓ.பி.டிக்குப் போங்கள். காது-மூக்கு-தொண்டை கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். ஸ்டெரொய்ட் மாத்திரை சிலருக்குப் பயன் தரும், ஆனால் முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான். நீரிழிவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம், தலைச்சுற்று இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நல்லெண்ணெய், உள்ளி எண்ணெய், தண்ணீர் எதையும் காதுக்குள் விடாதீர்கள். சவ்வு கிழிந்திருந்தால் சின்னக் கிழிசல் சில கிழமைகளில் தானாக மூடும், நனையாமல் வைத்திருந்தால். அடிபட்ட காது ஆறவேண்டும், அடுத்த நாள் லாண்ட்மாஸ்டரை வேறு ஆளிடம் கொடுங்கள்.

சும்மா பரிசோதிக்க வருகிறவர்கள் வருவதற்கு முதல் நாள் இரவு காவலுக்குப் போகவேண்டாம். வெடி கேட்ட காதைக் காலையில் சோதித்தால் உண்மையான அளவு தெரியாது. பழைய ஓடியோகிராம் இருந்தால் கொண்டு வாருங்கள். வீட்டில் உங்களோடு கூடக் கதைக்கிற ஆளையும் கூட்டி வாருங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதை அவர் சொல்லுவார்.