சிம்பல்: தமிழில் என்ன சொல்வது?

மெட்டல் என்னும் முரட்டு ராக் இசையின் டிரம்மர் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு விஷயங்கள் வந்தே தீரும். எந்தத் தாளங்களுக்கு அவர் பெயர்போனவர், எந்த சிம்பல்களை, அதாவது டிரம் செட்டில் தொங்கும் வட்டமான உலோகத் தகடுகளை, மாட்டி வைத்திருக்கிறார். முதலாவதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. இரண்டாவதில்தான் தடுக்கும். சிம்பல் என்று அப்படியே எழுதினால், சின்னத்தைக் குறிக்கும் சிம்பலும் அதுவும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழில் ஒரு புள்ளிகூட மாறாது. "மேடையில் எட்டு சிம்பல்கள் தொங்கின" என்று படிப்பவர் மண்டையோடு, நட்சத்திரம் போன்ற எதையாவது கற்பனை செய்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. மெட்டல்காரர்கள் மேடையில் அவற்றையும் தொங்கவிடுபவர்கள்தான்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. கும்பே என்றால் கிண்ணம், குழிந்த பாத்திரம். அதிலிருந்து கும்பலோன் என்ற கருவிப் பெயர் பிறந்து, லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவியது. கும்பே என்றதும் நம் காதில் கும்பம் ஒலிக்கும். இரண்டையும் உறவாகச் சொல்லும் மொழியியலாளர்கள் உண்டு, ஆனால் அது முடிந்த முடிவு இல்லை. இன்றைய சிம்பல் ஏறக்குறைய தட்டை. நடுவில் புடைத்திருக்கும் குமிழில் மட்டும் பழைய கிண்ணம் மிச்சமிருக்கிறது. இத்தாலியர்கள் கிண்ணத்தை விட்டுவிட்டுத் தட்டுகள் என்றே சொல்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கு அது அகன்ற தொட்டி.

துருக்கியில் அது சில். டிரம்மர்கள் தினமும் உச்சரிக்கும் ஒரு பெயர் இங்கிருந்துதான் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் அவெதிஸ் என்ற ஆர்மேனிய ரசவாதி தங்கம் செய்யப்போய், செம்பும் வெள்ளீயமும் கலந்த, கணீரென்று ஒலிக்கும் ஓர் உலோகத்தில் வந்து நின்றார் என்பது அந்தக் குடும்பத்தின் கதை. சுல்தான் அவருக்குத் தந்த பெயர் சில்ஜியன், அதாவது சில் செய்பவரின் மகன். நிறுவனம் தன் தொடக்க ஆண்டாகச் சொல்வது 1623. தொழில் 1929இல் அமெரிக்காவுக்குப் போனது. பிறகு சகோதரர்களுக்குள் பிரிவினை. ராபர்ட் சில்ஜியன் 1981இல் கனடாவில் தனிக்கடை போட்டு, தன் மூன்று பிள்ளைகளான சாலி, பில்லி, ஆண்டி ஆகியோரின் பெயர்களிலிருந்து இரண்டிரண்டு எழுத்தை எடுத்து சேபியன் என்று பெயர் வைத்தார். உலகத்தின் பெரிய சிம்பல் நிறுவனங்களில் இரண்டு ஒரே வீட்டுப் பங்காளிகள்!

சரி, தமிழுக்கு வருவோம். மிகப் பழைய சொல் பாண்டில். மலைபடுகடாம் கூத்தர்களின் கருவிகளை வரிசைப்படுத்தும்போது "நுண்ணுருக்குற்ற விளங்கடர்ப் பாண்டில்" என்கிறது. நன்றாக உருக்கித் தகடாக்கிய, பளபளக்கும் பாண்டில். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதற்குச் சொல்லும் பொருள் கஞ்சதாளம். கஞ்சம் என்றால் வெண்கலம். பாண்டில் என்ற சொல்லுக்கு வட்டம் என்றும் பொருள் உண்டு. கிரேக்கர் கண்ணுக்குக் குழிவு பட்டது, நம்மவர் கண்ணுக்கு வட்டம் பட்டிருக்கிறது. உருக்கி, அடித்து, தகடாக்கி என்று செய்முறையையும் சேர்த்துச் சொல்லும் அந்த வரி இன்றைய சிம்பல் விளம்பரத்துக்கு அப்படியே பொருந்தும். விலை உயர்ந்த சிம்பல்கள் இன்றும் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் என்ற கலவையில், சுத்தியலால் அடித்தே செய்யப்படுகின்றன.

அடுத்தது கைத்தாளம். தமிழ் விவிலியம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. "ஓசையிடுகிற கைத்தாளம்" பலருக்கு மனப்பாடம். ஆனால் கைத்தாளம் ஒரு ஜோடி. ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும். டிரம் செட்டில் இருப்பதோ கம்பத்தில் ஒற்றையாக மாட்டி, குச்சியால் அடிப்பது. கால் மிதியால் மூடித் திறக்கும் ஹை-ஹாட்டை மட்டும் வேண்டுமானால் கைத்தாளத்தின் ஒன்றுவிட்ட தம்பி எனலாம், அதிலும் வேலை செய்வது கால்! ஜால்ராவும் சிங்கியும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். "அவர் அற்புதமாக ஜால்ரா போட்டார்" என்று ஒரு டிரம்மரைப் பாராட்டிப் பாருங்கள், தெரியும். சிங்கி அடிப்பதோ சோற்றுக்கு வழியில்லாதவன் செய்வதாகப் பேச்சு வழக்கில் ஆகிவிட்டது.

மிச்சம் இருப்பது தாளம். விஷயம் சூடுபிடிப்பது இங்கேதான். வடமொழியில் 'தல' என்றால் உள்ளங்கை. அதிலிருந்து கைதட்டல், கைதட்டலிலிருந்து கால அளவு, கால அளவிலிருந்து அதைக் காட்டும் உலோகக் கருவி என்று பொருள் நகர்ந்திருக்கிறது. பாதத்தைக் குறிக்கும் 'தாள்' என்ற தமிழ்ச் சொல்லோடு இதைச் சேர்ப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், தமிழில் வாசிக்கும் கணக்கும் தாளம், கையில் பிடிக்கும் வெண்கலமும் தாளம். அந்தக் கருவியின் வேலையே கணக்கைக் காதுக்குக் காட்டுவதுதான் என்று சொல்லே சொல்லிவிடுகிறது. சிம்பல் என்பது இடி மாதிரி ஒலி எழுப்பும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இது உறைக்க வேண்டும்.

ஸ்வீடனின் மெஷுகா குழுவில் 1990 முதல் வாசிக்கும் தோமாஸ் ஹாகேயைக் கேட்டால் இது புரியும். அவர் பாதங்கள் கிக் என்னும் கால்மேளத்தில் கிட்டாரோடு சேர்ந்து ஒரு கணக்கில் போகும். வலக்கையோ விளிம்பு மடிந்த சைனா சிம்பலிலோ ஹை-ஹாட்டிலோ நான்கு, நான்கு என்று அசையாமல் நிற்கும். 2008இல் வந்த 'பிளீட்' பாட்டில் பாதங்கள் வாசிப்பது இரண்டு குறுந்தட்டு, இரண்டு நெடுந்தட்டு. குறுந்தட்டு நெடுந்தட்டில் பாதி, ஆக ஒரு கட்டு மூன்று அலகு. மேலே ஒரு சுற்றுக்கு 16 அலகு. மூன்றால் பதினாறு வகுபடாது. கட்டு மாறாமல் ஓடினால் 3 சுற்று, அதாவது 48 அலகு கழிந்துதான் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கும். இன்னொரு பாட்டில் 23 அலகுக் கட்டு ஐந்து தடவை வந்து, கடைசியில் 13 அலகில் வெட்டப்படும். கூட்டிப் பாருங்கள்: 128. சரியாக 8 சுற்று! கச்சேரியில் மிருதங்கம் எங்கே சுற்றினாலும் தாளம் போடும் கையில் வந்து இறங்குவது போலத்தான் இதுவும். வலக்கையில் அந்த வெண்கலம் மட்டும் இல்லையென்றால், கேட்பவருக்கு மேளம் தடுமாறுவதாகத்தான் தோன்றும்.

சிம்பல் தேர்வும் இந்த வேலையிலிருந்தே வருகிறது. கனத்த தகடு உரத்து, உயர்ந்த சுருதியில், நீண்டு ஒலிக்கும். ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கும். மெல்லிய தகடு சட்டென்று விரிந்து சீக்கிரம் அடங்கும். தொடர்ந்து அடித்தால் எல்லாம் கலந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஆகிவிடும். பிளாஸ்ட் பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேபாம் டெத் குழுவின் மிக் ஹாரிஸ் 1980களில் பரப்பிய பெயர் அது. குச்சியால் அடிக்கும் ஸ்நேர் மேளமும் கிக்கும் மாறிமாறி விழ, சிம்பல் கிக்கோடு சேர்ந்து விழும். நிமிடத்துக்கு 240 தட்டு வேகத்தில் வலக்கை நொடிக்கு 8 முறை சிம்பலைத் தொட வேண்டும். மெல்லிய தகட்டில் இதை வாசித்தால் தாளம் போய் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் ரைடு என்னும், தொடர்ந்து தாளம் வாசிக்கும் கனத்த தகடு, அதன் குமிழ், இல்லையென்றால் இறுக மூடிய ஹை-ஹாட். ஸ்லேயர் குழுவில் வாசித்த டேவ் லொம்பார்டோ பைஸ்டே நிறுவனத்தின் கனத்த தகடுகளின் பக்கம் போனதிலும் எனக்கு வியப்பில்லை. 1986இல் வந்த 'ரெயின் இன் பிளட்' ஆல்பத்தின் வேகத்தில் கிட்டார்களுக்கு மேலே எழுந்து கேட்க வேறு வழி என்ன இருக்கிறது?

சைனா சிம்பல் இதற்கு நேர் எதிர். விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்கும், பெரும்பாலும் கவிழ்த்துத்தான் மாட்டுவார்கள். ஒலி கரகரப்பாக, வெட்டியெடுத்த மாதிரி சட்டென்று முடியும். முறுக்கிய கிட்டார் ஒலி ஏற்கெனவே இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும்போது, அழுத்தத்துக்கு அடிக்கும், நீண்ட வால் உள்ள கிராஷ் தகட்டை விட இது சுருக்கமாகக் கணக்கைச் சொல்லிவிட்டு விலகும். மெட்டலில் சைனா இவ்வளவு புழங்குவதற்கு முரட்டுத்தனம் மட்டும் காரணம் இல்லை.

இனி வழக்குக்கு. தாளம் என்று மட்டும் எழுதினால் "தாளத்தை மாற்றினார்" என்ற வாக்கியம் குழப்பும். கணக்கை மாற்றினாரா, தகட்டை மாற்றினாரா? தாளத்தட்டு என்பது என் தேர்வு. தட்டு என்ற உருவமும் இருக்கிறது, தட்டுவதும் இருக்கிறது. பாண்டில் அழகான சொல்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் உரையாசிரியரை உடன் அழைத்துவர வேண்டும். ரைடு, கிராஷ், சைனா, ஸ்பிளாஷ் என்ற வகைப்பெயர்களைத் தொட வேண்டாம் என்பேன். அவை கடைப்பெயர்கள், அப்படியே இருக்கட்டும்.

ஒரு டிரம்மரின் தனித்த வாசிப்பைக் 'கையெழுத்துத் தாளம்' என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாமே. பாணி இருக்கிறது. "கொட்டும் அசையும் தூக்கும் அளவும் ஒட்டப் புணர்ப்பது பாணி" என்று சிலப்பதிகார உரையில் ஒரு சூத்திரம் வரும். அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை என்று நான்கு அளவுகளைக் கோப்பதற்கு, அதாவது தாளத்துக்கே, அங்கே பாணி என்று பெயர். இன்று அது ஒருவருக்கே உரிய நடையைக் குறிக்கிறது. ஹாகேயின் பாணி என்றால் இரண்டு பொருளும் சரி.

வினைச்சொல்லில் ஒரு எச்சரிக்கை. தாளத்தட்டை அடிக்கலாம், தட்டலாம், ஹை-ஹாட்டை மிதிக்கலாம். அடித்த உடனே விளிம்பைப் பிடித்து ஒலியை நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பது என்ற பொருள்பட ஒரு சொல் உண்டு. அதை அப்படியே தமிழாக்கினால் மேடையில் கொலை நடந்ததாகிவிடும். பிடித்து அடக்கினார் என்றால் போதும்.