புரோட்டியோகிளைக்கன்: சரப்புரதம்

'புரோட்டியோ' என்பது புரதம். 'கிளைக்கன்' என்பது இனிப்பைக் குறிக்கும் 'கிளைகிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு புரதம், அதில் கோத்த நீளமான சர்க்கரைத் தொடர்கள்: இதுதான் பொருள். இந்தத் தொடர்களுக்கு 1938-இல் கார்ல் மேயர் 'மியூக்கோபாலிசாக்கரைடு' என்று பெயர் வைத்திருந்தார். பழைய மருத்துவ நூல்களில் அதைப் பார்க்கலாம்.

தமிழில் நேராகப் 'புரதச்சர்க்கரை' என்று எழுதிவிடலாம்தான். ஆனால் மதுரைப் பக்கம் "அவருக்குச் சர்க்கரை இருக்கு" என்றால் நீரிழிவு. கண் மருத்துவமனையில் "உங்க கருவிழியில் புரதச்சர்க்கரை" என்று கேட்கும் பெரியவர் வீணாகப் பயந்துபோவார். அதனால் நான் 'சரப்புரதம்' என்றே எழுதுகிறேன். மல்லிகையை இரண்டிரண்டாக வைத்துத் தொடுத்துக்கொண்டே போவதுபோல, இந்தத் தொடரிலும் இரண்டு சர்க்கரை சேர்ந்த ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும். டெக்கோரின் என்ற சரப்புரதத்தில் ஒரே சரம். குருத்தெலும்பில் உள்ள அக்ரிகனில் நூறு அளவுக்கு இருக்கும்.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதமான கொலாஜனின் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 'கொல்லா' என்றால் கிரேக்கத்தில் பசை. தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்தால் பசை கிடைக்கும் என்பதால் வந்த பெயர். தச்சர்கள் மரம் ஒட்டிய வச்சிரம் அதுதான். ஆட்டுக்கால் சூப் குடித்ததும் உதடு ஒட்டுவதும் அதனால்தான். செல்களுக்கு வெளியே இவை எல்லாம் சேர்ந்திருக்கும் இடத்துக்குச் 'செல்லிடைப் பொருள்' என்ற சொல் போதும்.

சரி, சரப்புரதத்துக்கு அங்கே என்ன வேலை? கொலாஜன் மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றுசேர்ந்து நுண்ணிழை ஆகிவிடும். எந்தத் தடிமனில் நிற்க வேண்டும் என்பதில்தான் சரப்புரதம் தலையிடுகிறது. டெக்கோரினின் புரதப் பகுதி இழையின் மேல் ஒட்டிக்கொண்டு, பக்கத்து இழைகள் இஷ்டத்துக்கு இணைந்து தடிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இழைக்கு அலங்காரம்போல ('டெக்கரேட்') ஒட்டியிருப்பதால்தான் டெக்கோரின் என்ற பெயர். 1997-இல் டெக்கோரின் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். இழைகள் ஒழுங்கற்ற தடிமனில் வளர்ந்தன. தோல் எளிதில் கிழிந்தது.

கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல இருக்கும் கார்னியாவில், இந்த அளவு இன்னும் கறாரானது. அங்கே இழைகள் சுமார் 30 நானோமீட்டர் தடிமனில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நிற்கின்றன. வெளிச்சம் சிதறாமல் உள்ளே போவது இந்த ஒழுங்கால்தான். கண்ணின் வெள்ளைப் பகுதியிலும் அதே கொலாஜன்தான். இழைகள் பலவிதத் தடிமனில் தாறுமாறாகக் கிடப்பதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. லுமிக்கன் என்ற சரப்புரதம் இல்லாத எலிகளுக்குக் கருவிழி மங்கிவிட்டது.

சரங்களுக்கு எதிர்மின்சுமை உண்டு, அதனால் தண்ணீரை இழுக்கும். கருவிழியின் உட்புறச் செல்கள் அந்த நீரை இடைவிடாமல் வெளியேற்றுகின்றன. உயிர் போனபின் அந்தச் செல்கள் ஓய்ந்துவிடும். சரங்கள் மட்டும் நீரை இழுத்துக்கொண்டே இருக்க, கருவிழி உப்பி மங்கும். கண்தானத்துக்கு உடனே தகவல் சொல்லச் சொல்வதும், 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுப்பதும் அந்தச் செல்களைக் காப்பாற்றத்தான். கண்ணை எடுக்க வரும்வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்திவைக்க வேண்டும்.