‘குறைந்த ஊதியம்’ என்பது பிழை

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருமுனைத் தையல் கூடத்தின் வாசலில் ஒரு போர்டு தொங்குகிறது: ‘அரசு நிர்ணயித்த குறைந்த ஊதியம் இங்கு வழங்கப்படுகிறது.’ அங்கே சட்டைக்குப் பட்டன் தைக்கும் பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் என்னிடம் கேட்டார்: “கொறஞ்ச சம்பளம்னு அவுங்களே எழுதி வச்சிக்கிறாங்கோ. அப்பால நான் இன்னான்னு போய்க் கேக்குறது?” ‘மினிமம் வேஜ்’ என்னும் குறைந்தபட்ச ஊதியத்தைத்தான் இப்படி நறுக்கி எழுதுகிறார்கள். துண்டறிக்கையிலும் செய்தியிலும் இதே பிழையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். அக்கா கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வேர்க்கதை சின்னதுதான். மினிமம் லத்தீன் சொல், மிகச் சிறியது என்று பொருள். தமிழில் குறைந்தபட்சம் என்றோம். பட்சம் வடமொழி, சிறகு, பக்கம் என்று பொருள். கூலி குறளிலேயே இருக்கிறது. ஊதியமும் இருக்கிறது, ஆனால் அங்கே அதற்கு ஆதாயம் என்று பொருள். சம்பளம் என்ற பொருள் பிற்பாடு ஏறியது.

சரி, சிக்கல் எங்கே? பட்சம் வடசொல் என்று அதை வெட்டி எறிந்தவர்கள், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. ‘குறைந்த ஊதியம்’ என்றால் சொற்பச் சம்பளம். வேறு பொருளே கிடையாது. 1948-இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் சொன்னதோ, இதற்குக் கீழே இறங்காதே, மேலே எவ்வளவும் கொடு என்பது. அதற்கும் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் கூலியைக் கணக்கிட 1957 இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி என்று அளவு வைத்தது. இவ்வளவும் அடங்கிய சொல்லை ‘குறைந்த’ என்று நறுக்கினால், சொற்பமாகக் கொடு என்று அரசே உத்தரவு போட்டதுபோல் ஆகிவிடுகிறது. நானும் தனித்தமிழை விரும்புகிறவன்தான். பொருளைத் தலைகீழாக்கும் தூய்மை எனக்கு வேண்டாம்.

இன்னொரு தரப்பு ‘சிறும ஊதியம்’ என்கிறது. கணக்குப் பாடப் புத்தகத்தில் மேக்சிமத்துக்குப் பெருமம், மினிமத்துக்குச் சிறுமம் பொருத்தமான சொற்கள். ஆனால் வியாசர்பாடியில் மூட்டை தூக்குகிறவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் காதில் சிறுமை என்றுதான் விழும். உழைப்புக்கான கூலியில் சிறுமை எங்கிருந்து வந்தது? மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லையும் அகராதியையும் பார்க்கிறார்கள், படிக்கப்போகிறவரைப் பார்ப்பதில்லை. 1918-இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் நடுவே சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த ஊர் இது. விலைவாசிக்கு ஏற்பக் கிடைக்கும் படியைப் பஞ்சப்படி என்று இங்கே சொன்னார்கள். அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

என் தேர்வு ‘கீழ்வரம்புக் கூலி’. வரம்பு என்றால் வரப்பு, எல்லை. முழுத் தமிழ், பொருளும் நேராக நிற்கிறது. பிடிக்காதவர்கள் ‘குறைந்தபட்ச ஊதியம்’ என்றே எழுதட்டும், பட்சத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு: 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது இந்த அக்காவின் மனு முதலில் நிராகரிக்கப்பட்டது. “உரிமைன்னு தானே பேரு வச்சாங்கோ” என்று மேல்முறையீடு செய்து மாதம் 1,000 ரூபாயை வாங்கினார். அதே அக்கா தையல் கூடத்தில் வாய் திறக்கவில்லை. கீழ்வரம்புக்கு நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் குறைந்தாலும் 26 நாளில் 1,300 ரூபாய் போய்விடும். உரிமைத்தொகை முழுவதும் போட்டாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது.

நேற்று கீழ்வரம்புக் கூலி என்று சொல்லிக் காட்டினேன். “அப்போ இதுக்குக் கீழ தரக் கூடாதா?” என்றவர், உள்ளே போய்ச் சம்பளக் கவர்களை எடுத்து வந்தார். மூன்று மாதத்துக் கவர்கள், ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.