செயற்கைக்கோள் படத்தில் சிவப்பு என்றால் மழையா?

கார்த்திகையில் ஒரு சாயங்காலம். குமரி மாவட்டத்து மீனவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பிவிட்டுக் கையோடு கூப்பிட்டார். “சாரே, கெழக்க கருஞ்செவப்பா கெடக்கு. போட்டை இறக்கலாமா, வேண்டாமா?” படத்தைப் பெரிதாக்கி ஓரத்தைப் பார்த்தேன். 0300 யுடிசி என்று இருந்தது. அவர் அதை விடிகாலை மூன்று மணி என்று நினைத்திருந்தார். யுடிசி என்பது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் நம் நேரம் வரும். அது காலை எட்டரை மணிப் படம். அவர் கூப்பிட்டபோது மணி ஆறு. ஒன்பதரை மணி நேரத்துக்கு முந்தைய மேகத்தை வைத்துக்கொண்டு ராத்திரிக் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பல வருடமாக இந்தப் படங்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மழைக்காலம் வந்தால் இப்படிப்பட்ட படங்கள் எனக்கு ஒரு நாளில் குறைந்தது நாற்பது வரும். அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நேரத்தை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் அந்தச் சிவப்பு. நம் இன்சாட் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து பூமியைப் பார்க்கின்றன. அகச்சிவப்புக் கருவி அளப்பது மேகத்தின் தலையில் இருக்கும் வெப்பநிலையை. தலை எவ்வளவு உயரமோ அவ்வளவு குளிர்ச்சி. மைனஸ் 70 டிகிரிக்கு ஒரு நிறம், மைனஸ் 40-க்கு ஒரு நிறம் என்று தீட்டுவது கணினியில் நாம் செய்யும் வேலை. ஒரே படத்தை ஒரு தளம் சிவப்பாகக் காட்டும், இன்னொன்று ஊதாவாகக் காட்டும். மழை எவ்வளவு என்று அந்த நிறம் நேரடியாகச் சொல்வதில்லை.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இடிமேகத்தின் உச்சியில் இருந்து பனித்துகள் மேகம் காற்றோடு நூறு, இருநூறு கிலோமீட்டர் பரவும். அதுவும் குளிர்ச்சிதான், அதுவும் சிவப்புதான். ஆனால் அதன் அடியில் ஒரு சொட்டு மழைகூட இல்லாமல் இருக்கலாம். அசல் இடிமேகத்துக்கு, காற்று வரும் பக்கத்து விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். பரவிப்போன மேகத்தின் ஓரம் பன்னிய பஞ்சு மாதிரிப் பிசிறு பிசிறாக இருக்கும். ஒற்றைப் படத்தில் இது பிடிபடாது. நாலைந்து படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

வரிசையாக ஓட்டுவதற்கு வசதி இருக்கிறது. இன்சாட் ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம் எடுக்கிறது. இரண்டு செயற்கைக்கோள்கள் மாறி மாறி எடுப்பதால் 15 நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்திலும் இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்திலும் யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

அந்தப் 15 நிமிடத்தின் அருமை கோடைக்கால, ஆனி, ஆடி மாத இடிமழையில் தெரியும். பகல் முழுக்க வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வெயில் காய்ச்சும். மூன்று மணிக்கு ஒரு வெள்ளைப் புள்ளி முளைக்கும். அடுத்த படத்தில் அது பெரிதாகிவிட்டதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது தலை எவ்வளவு குளிர்ந்தது என்பதை. 15 நிமிடத்தில் 8 டிகிரி அல்லது அதற்கு மேல் குளிர்ந்தால் மேகம் பாய்ந்து மேலே போகிறது என்று அர்த்தம். ரேடாருக்குத் தெரிய மழைத்துளி உருவாக வேண்டும். மேகமோ அதற்கு முன்பே செயற்கைக்கோளின் கண்ணில் பட்டுவிடும். அந்த அரை மணி நேர முன்னறிவிப்பில் வயலில் நிற்கிறவர் வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொரு அடையாளம்: மேகத்தின் தட்டையான தலைக்கு மேல் மொட்டுபோல ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது, சூரிய வெளிச்சத்தில் எடுக்கும் சாதாரண ஒளிப் படத்தில் அதன் நிழல்கூடத் தெரியும். அதைப் பார்த்தால் கீழே பலத்த காற்றும் கனமழையும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடலில் சங்கதி வேறு. இங்கே குளிர்ச்சியை மட்டும் நம்பி நானே ஒருமுறை மூக்குடைபட்டேன். நள்ளிரவு தாண்டிய பணி. வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம். அதன் மேகத்தலை மைனஸ் 80 டிகிரிக்குப் போனது. ‘வேகமாக வலுப்பெறுகிறது’ என்று நான் வேலை பார்த்த இடத்தின் குறிப்பில் எழுதிவிட்டுப் பெருமையாக டீ குடித்தேன். காலை ஒன்பது மணிக்கு அந்த மேகத்தில் பாதியைக் காணோம். கடல் மேல் இடிமேகங்கள் இயல்பாகவே பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் உச்சத்துக்குப் போகும், பகலில் தளரும். நான் பார்த்தது அந்தத் தினசரி மூச்சு. வெளிச்சம் வந்தபின் ஒளிப் படத்தில் பார்த்தால், சுழற்சியின் மையம் ஒரு பக்கம் வெறுமையாகச் சுற்றுகிறது, மேகக்கூட்டம் மேற்கே தள்ளி நிற்கிறது. மேலே ஒரு திசையிலும் கீழே ஒரு திசையிலும் காற்று அடித்தால் இப்படித்தான் தலை வேறு, உடல் வேறாகும்.

அதனால் புயலுக்கு நாங்கள் முதலில் பார்ப்பது வடிவத்தை. அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டுவோராக் 1970-களில் வகுத்த முறை இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. மேகப்பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கிறது என்று அளந்து ஒரு எண் கொடுப்போம். 1.5 என்றால் தாழ்வு மண்டலம், 2.5 என்றால் புயல். பட்டை பாதி வட்டம் சுற்றிவிட்டால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். அந்த வளைவு ராத்திரியும் பகலும் கலையாமல் நின்று, எண் ஏறிக்கொண்டே போனால்தான் அசல் வளர்ச்சி. 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் கூடினால் அதிவேக வலுப்பெறுதல் என்பார்கள்.

எண் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு ஒக்கியைவிட உதாரணம் வேண்டாம். 2017 நவம்பர் 29 காலையில் அது இலங்கையின் தென்கிழக்குக் கரையோரம் ஒரு தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலை குமரிக்கடலில் புயல். டிசம்பர் 1-ல் லட்சத்தீவுப் பக்கம் மிகத் தீவிரப் புயல். வழக்கமாக வங்கக்கடலில் நாலு நாள் மிதந்து நமக்கு அவகாசம் தரும் சமாச்சாரம் அன்று வாசலிலேயே உருவானது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் தங்கு கடலுக்குப் போகிறவர்கள். வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அவர்களில் பலர் எச்சரிக்கை வருவதற்கு முன்பே கரையின் சிக்னல் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். படத்தில் நாங்கள் பார்ப்பது ஒரு வளைவு. அதன் அடியில் ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை ஒக்கிக்குப் பிறகு என்னால் மறக்க முடிவதில்லை. 2019-ல் வந்த ஜெமினி கருவி, செல்போன் எட்டாத இடத்துக்கும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைக் கொண்டுபோகிறது. ஆனால் அது ஒருவழிதான். படகில் இருந்து பதில் சொல்ல முடியாது.

அப்புறம் ஒன்று. ‘புயல் இல்லையாமே’ என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு நான் காயல்பட்டினத்தைச் சொல்வேன். 2023 டிசம்பர் 17, 18-ல் அங்கே ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கண் கிடையாது, பட்டை கிடையாது, பெயர் கிடையாது. வெறும் வளிமண்டலச் சுழற்சி. அந்த மாதிரி நாளில் படத்தில் தேட வேண்டியது, ஒரே இடத்தில் மேகம் திரும்பத் திரும்பப் பிறக்கிறதா என்பதை. பழைய மேகம் நகர்ந்து போகும். அதே மூலையில் இன்னொன்று கிளம்பும். அரை மணி கழித்து மறுபடி. நகராத மழைதான் ஊரை மூழ்கடிக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு நீங்களே புயல் அறிவிப்பு கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். துறை எச்சரிக்கை கொடுத்திருந்தால், உங்கள் கண்ணுக்குப் படம் எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் எச்சரிக்கைதான் கணக்கு. அவர்கள் கையில் மிதவைகள், ரேடார், கப்பல் தகவல், மேகத்துக்குள் ஊடுருவிப் பார்க்கும் நுண்ணலைப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. நம் கையில் இருப்பது மேகத்தின் தலை மட்டும்.

அந்தக் குமரி மாவட்டத்துக்காரர் இப்போதெல்லாம் ஒற்றைப் படம் அனுப்புவதில்லை. அரை மணி இடைவெளியில் மூன்று படம், ஒவ்வொன்றின் கீழும் நம் நேரத்தை எழுதி அனுப்புகிறார். போன வாரம் வந்த மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே எழுதிவிட்டார்: “சாரே, இது பஞ்சு மேகம்தான். ஆனா ஆபீஸ்ல எச்சரிக்கை போட்டிருக்கு. இறக்கல்ல.”