கேமராவுக்குள் கண்ணாடி எதற்கு?

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் கல்யாணத்துக்கு போட்டோ பேசப் போகிறவர்கள் ஆல்பம் எத்தனை பக்கம், ட்ரோன் உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, மேசை மேல் இருக்கும் கேமராவைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். "ஏனுங்க, இந்தச் சின்னக் கேமராவுலயா எடுப்பீங்க? பெரிய கேமரா இல்லீங்களா?" பதில் சொல்லி அலுத்துப்போன போட்டோக்காரர்கள் சிலர் அடியில் ஒரு பேட்டரி கிரிப்பை மாட்டிக் கேமராவைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பாதிக் காரணம் பெண்வீட்டாரின் மனத்திருப்தி.

கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் சின்னக் கேமரா என்றால் உள்ளே வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரும் சுண்டுவிரல் நகம் அளவுதான். கையடக்கக் கேமராவில் எடுத்த மண்டபப் படம் புள்ளி புள்ளியாக வரும். டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த பெரிய கேமராவில், எடுத்தது பளிச்சென்று இருக்கும். அதனால் உருவத்தைப் பார்த்துத் தரத்தைச் சொன்னதில் அன்றைக்குத் தப்பில்லை. இன்று அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. கேனானின் 5டி மார்க் 4 (2016) ஒரு டிஎஸ்எல்ஆர். பேட்டரியோடு 890 கிராம். அதே கம்பெனியின் ஈஓஎஸ் ஆர் (2018) மிரர்லெஸ், அதாவது அந்தக் கண்ணாடி இல்லாதது; 660 கிராம். இரண்டிலும் 36-க்கு 24 மில்லிமீட்டர் புல் பிரேம் சென்சார், இரண்டுமே சுமார் 30 மெகாபிக்சல். படத்தைப் பிடிக்கிற பாகம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் குறைந்த 230 கிராம் எது?

ஒரு டிஎஸ்எல்ஆரின் லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். சென்சார் தெரியாது. 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடிதான் தெரியும். அதற்கு மேலே பால் நிறத்தில் ஒரு தகடு. அதற்கும் மேலே, கேமராவின் தலையில் கூம்பி நிற்கும் பகுதிக்குள், ஐந்து முகப் பட்டகம். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மேலே ஏறி, தகட்டில் பிம்பமாக விழுகிறது. இடம் வலம் மாறிக் கிடக்கும் அந்தப் பிம்பத்தைப் பட்டகம் சரிசெய்து கண்ணுக்கு அனுப்புகிறது. கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சத்தை ஊடுருவ விடும். அதன் முதுகில் இன்னொரு குட்டிக் கண்ணாடி இருந்து, அந்த வெளிச்சத்தைக் கீழே தள்ளுகிறது. போகஸ் பார்க்கும் தனி சென்சார் இருப்பது அங்கே, பெட்டியின் தரையில்.

இவ்வளவு ஏற்பாடும் பிலிமுக்காக வந்தது. பிலிம் தான் பார்ப்பதை யாருக்கும் காட்டாது. இருட்டில் சுருண்டு கிடந்து, முன்னால் இருக்கும் ஷட்டர் என்ற திரை திறக்கும் ஒரு கணம் மட்டும் வெளிச்சம் காணும். லென்ஸ் பார்ப்பதையே போட்டோக்காரரும் பார்க்க வேண்டுமானால் வழியில் கண்ணாடி வைத்து வெளிச்சத்தைத் திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை. படம் எடுக்கும் நேரத்தில் அது எழுந்து வழிவிட வேண்டும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே போகும், ஷட்டர் திறந்து மூடும், கண்ணாடி இறங்கும். 'டபக்' என்ற அந்தச் சத்தத்தில் பாதி கண்ணாடியுடையது. இதில் விசித்திரம் என்னவென்றால், கண்ணாடி எழும்பி நிற்கும் நேரம் முழுவதும் வியூபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) இருட்டாகிவிடும். தாலி கட்டும் கணத்தை எடுத்தவருக்கு, எடுத்த அந்தக் கணம் மட்டும் கண்ணில் படாது.

கண்ணாடி எவ்வளவு தடை என்பதற்குக் கேனானின் 1டிஎக்ஸ் மார்க் 3-ஐப் பாருங்கள். 2020-ல் வந்த அந்த டிஎஸ்எல்ஆர் வியூபைண்டர் வழியாக எடுத்தால் நொடிக்கு 16 படம். கண்ணாடியைத் தூக்கி நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்து எடுத்தால் 20. ஒரே கேமரா, கண்ணாடி ஒதுங்கினால் வேகம் கூடுகிறது.

டிஜிட்டலில் சென்சார் தான் பார்ப்பதை உடனுக்குடன் காட்டும். அப்புறம் கண்ணாடி எதற்கு? 2008-ல் பேனசோனிக் ஜி1 அதை எடுத்துவிட்டு, வியூபைண்டருக்குள் ஒரு சின்னத் திரையை வைத்தது. அன்றைக்கு யாரும் அதை நம்பிக் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடவில்லை. கண்ணாடி போனதோடு பெட்டித் தரையில் இருந்த போகஸ் சென்சாரும் போய்விட்டதே. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே கூர்மையாக இருக்கிறது என்று தேடித் தேடிப் போகஸ் பிடிக்க வேண்டியிருந்தது. நிற்கிற ஆளுக்குச் சரி, ஓடுகிற குழந்தைக்கு ஆகாது.

அதைத் தீர்த்தது சென்சாருக்குள்ளேயே போகஸ் பார்க்கும் நுட்பம். கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியுமல்லவா? லென்ஸின் இடது பாதி வழியாக வரும் பிம்பமும் வலது பாதி வழியாக வரும் பிம்பமும் அப்படித்தான் விலகி நிற்கும். எந்தப் பக்கம், எவ்வளவு விலகல் என்று தெரிந்தால் லென்ஸை எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்துவிடும், தேட வேண்டியதில்லை. கேனான் 2013-ல் 70டி கேமராவில் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து இதைச் செய்தது. அந்த 70டி ஒரு டிஎஸ்எல்ஆர் என்பது வேடிக்கை. தன் வாரிசை அதுவே வளர்த்தது.

இதனால் இன்னொரு லாபமும் உண்டு. டிஎஸ்எல்ஆரில் படம் பிடிக்கும் சென்சார் ஒன்று, போகஸ் பார்க்கும் சென்சார் இன்னொன்று. இரண்டுக்கும் தூரம் ஒரு நூலிழை பிசகினாலும் கண்ணுக்குப் பதில் காதில் போகஸ் நிற்கும். மிரர்லெஸில் இரண்டும் ஒரே தகடு, அந்தத் தகராறு இல்லை. முழுப் படத்தையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பதால், முகம் எது, கண் எது என்று கண்டுபிடித்து அதையே விடாமல் பிடித்துக்கொள்ளவும் முடிகிறது. மங்கல வாழ்த்து பாடும்போது சத்தமே இல்லாமல் எடுக்கலாம் என்பது கூடுதல்.

உருவம் குறைந்ததற்கு வருவோம். கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டும் என்பதால் கேனான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் 44 மில்லிமீட்டர் இடைவெளி. மிரர்லெஸ் ஆர் வரிசையில் 20. மெலிந்தது இங்கேதான். ஆனால் லென்ஸ் அதே கணக்கில் சுருங்காது. 300 மில்லிமீட்டர் எப்2.8 லென்ஸ் என்றால், 300-ஐ 2.8-ஆல் வகுத்து, வெளிச்சம் நுழையும் வாய் 107 மில்லிமீட்டர் அகலம் இருந்தே ஆகவேண்டும். வெள்ளோடு சரணாலயத்தில் பறவை எடுக்கிறவருக்கு இதில் பெரிய சுமைக் குறைவு கிடையாது. "மிரர்லெஸ் வாங்கினால் பையே பாதியாகிவிடும்" என்று சொல்லி விற்கிறவர்கள் லென்ஸ் பக்கம் பேச்சை எடுப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. திரையும் சென்சாரும் ஓயாமல் ஓடுவதால் பேட்டரி கரைகிறது. ஒரே வகை பேட்டரியில் 5டி மார்க் 4-க்கு ஏறத்தாழ 900 படம் என்று கம்பெனி கணக்கு. ஈஓஎஸ் ஆருக்கு 370. முகூர்த்தத்துக்கு ஒற்றை பேட்டரியோடு வருகிறவரை நம்பாதீர்கள்.

திரை அசையாமல் சென்சாரே படத்தை வாசித்தெடுக்கும், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் பெரிய வம்பு. பெரும்பாலான கேமராக்களில் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் வாசிப்பதில்லை, வரிவரியாக வாசிக்கிறது. அதற்கு நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளாவில் நொடிக்கு 10 மீட்டர் ஓடும் வண்டி அதற்குள் ஒரு அடிக்கு மேல் நகர்ந்துவிடும். முதல் வரி ஓரிடத்தில், கடைசி வரி வேறிடத்தில். நேராக இருக்கும் ஆரக்கால்கள் படத்தில் அரிவாள்போல் வளைந்து நிற்கும், சக்கரம் சாய்ந்திருக்கும். மண்டபத்து எல்இடி சுவரின் முன் கருப்புப் பட்டைகள் விழுவதும் இதே காரணத்தால்தான்: விளக்கு அணைந்து எரியும் இடைவெளியில் வாசித்த வரிகள் கருத்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். சோனி 2023-ல் அறிவித்த ஏ9 மார்க் 3 எல்லா வரியையும் ஒரே நேரத்தில் வாசிக்கிறது; விலை பல லட்சம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொன்று. பனியன் கம்பெனிக்குள் பறக்கும் பஞ்சுத் தூசிக்கும் சென்சாருக்கும் நடுவில் டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி ஒரு தடுப்பாக இருந்தது. பல மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். ஆஃப் செய்துவிட்டு, வாய் தரையைப் பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். ஈஓஎஸ் ஆர் ஆஃப் செய்தால் தானே ஷட்டரை மூடிக்கொள்ளும்.

பழைய கேனான் லென்ஸ்களை வைத்திருப்பவர்கள் அவற்றை அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. 44-க்கும் 20-க்கும் உள்ள 24 மில்லிமீட்டரை நிரப்ப ஒரு வளையம் விற்கிறது. அதற்குள் கண்ணாடிச் சில்லு எதுவும் இல்லை, மின் இணைப்பும் காற்றும்தான்; அதனால் படத்தின் தரம் குறையாது. புதிய லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது, சென்சாருக்கு அருகில் அது நிற்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இருக்கிறது. படிக்கிற பையனோ பெண்ணோ முதல் கேமரா கேட்டால், நான் இப்போதும் பழைய டிஎஸ்எல்ஆரைத்தான் சொல்வேன். எல்லோரும் மிரர்லெஸுக்கு மாறுவதால் நல்ல பாடிகள் மலிவாகக் கைமாறுகின்றன. வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.