அரைக் கப்பல் என்ன சொல்லும்?

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எண்ணூருக்கு வரும் எரிவாயுக் கப்பல்கள் அடுத்த வருஷம் எந்தெந்தத் தேதியில் வரும் என்று இப்போதே கம்ப்யூட்டரில் போட்டுவிடுகிறார்களாமே, எப்படி?”

முதலில் கொஞ்சம் பள்ளிப்பாடம். இந்த எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். அதை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். பெரிய கப்பல் ஒன்று சுமார் 1,74,000 கன மீட்டர் கொள்ளும். என்னதான் காப்புப் போட்டாலும் தினமும் 0.1 சதவீதம் போல ஆவியாகும்; அதை எஞ்சினிலேயே எரித்துக்கொள்கிறார்கள். கப்பல் முந்தி வந்தால் கரைத்தொட்டியில் இடமிருக்காது. பிந்தி வந்தால் குழாயில் அனுப்ப வாயு இருக்காது.

சரி, இனி தை மாதச் சம்பா அறுவடைக்கு வாருங்கள். 10 அறுவடை மிஷின், 30 வயல். எந்த வயலுக்கு எது? எந்தப் பயணத்துக்கு எந்தக் கப்பல் என்பதும் இதே மாதிரிக் கேள்விதான். 1-க்குப் பின் 30 பூஜ்யம் போட்ட அளவுக்கு வழிகள். நொடிக்கு நூறு கோடி வீதம் பார்த்தாலும் பிரபஞ்சத்தின் வயதைப் போல 2,000 மடங்கு காலம் ஆகும். ஊர்ப் புரோக்கர் இதை டீக்கடையிலேயே முடித்துவிடுவார். ஆனால் அதைவிட நல்ல ஏற்பாடு உண்டா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

கணினி இங்கே செய்யும் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் அது ஓர் அபத்தத்தை அனுமதிக்கிறது: கப்பலை உடைக்கலாம்! முக்கால் கப்பல் இந்தப் பயணத்துக்கு, கால் கப்பல் அந்தப் பயணத்துக்கு. இப்படித் தளர்த்திவிட்டால், 1947-இல் அமெரிக்கக் கணிதர் டான்ட்சிக் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் என்ற கணக்கு முறை சட்டென்று விடை தரும். அந்த விடையை வைத்துக் கப்பல் ஓட்ட முடியாது. ஆனாலும் அது ஓர் உச்சவரம்பு. முழுக் கப்பல்களால் ஆன எந்தத் திட்டமும் அந்த லாபத்தைத் தாண்டாது.

அப்புறம் கிளை பிரிகிறது: முதல் பயணத்துக்கு இந்தக் கப்பல் போகிறது என்று ஒரு கிளை, போகவில்லை என்று இன்னொரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் இதேபோல் உச்சவரம்பு. கையில் ஏற்கெனவே 90 கோடி லாபம் தரும் நிஜத் திட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளையின் உச்சவரம்பு 88 என்றால், அதற்குள் இருக்கும் கோடானுகோடித் திட்டங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் வெட்டி எறியலாம். இது ஊகமல்ல, நிரூபணம். 1960-இல் அய்ல்சா லேண்ட், அலிசன் டாய்க் என்ற இரு பெண்கள் வெளியிட்ட முறை. பாதியில் நிறுத்தினாலும், மிஞ்சிய கிளைகளின் உச்சவரம்பைப் பார்த்து “கையில் இருப்பதைவிட மிஞ்சிப்போனால் இவ்வளவுதான் கூடுதலாகக் கிடைக்கும்” என்று அதுவே சொல்லிவிடும். தன் பிழைக்கு எல்லை சொல்லும் ஜோசியர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஜோசியம் என்றதும் ஞாபகம் வருகிறது. ராகு காலத்தில் மிஷினை வயலில் இறக்கக் கூடாது என்பவர்கள் உண்டு. கணிதத்தில் அது கூடுதலாக ஒரு கட்டுப்பாடு, அவ்வளவே. கட்டுப்பாடு கூடினால் உச்ச லாபம் அப்படியே இருக்கும் அல்லது குறையும், ஏறவே ஏறாது. கணக்கை இரண்டு தடவை ஓட்டினால் ராகு காலத்தின் விலை ரூபாயில் வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போடும் ஹைஸ் என்ற இலவச மென்பொருள் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவானது. நெல் லாரிகளுக்கும் கிடங்குகளுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க நம் கல்லூரிகளுக்குக் கொஞ்சம் நிதி ஒதுக்கினால் என்ன?

சரி, ஐப்பசியில் புயல் வந்து துறைமுகத்தை மூடினால் தேதியெல்லாம் என்ன ஆகும்? திரும்பவும் ஓட்டுவார்கள். ஆனால் வெறுங்கையோடு அல்ல. பழைய திட்டத்தை ஒட்டுப்போட்டு, அதையே கையிருப்பு விடையாகக் கொடுப்பார்கள். அது சுமாரான திட்டமாக இருந்தாலும் போதும், பல கிளைகள் தொடக்கத்திலேயே விழுந்துவிடும்.