‘பயனர் நட்பு’ வேண்டாம், கையாள்தகவு போதும்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மென்பொருள் அறிமுகக் கூட்டம் எது நடந்தாலும் “இது பயனர் நட்பான செயலி” என்ற வசனம் தவறாமல் வருகிறது. ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு இலகு என்பதைக் குறிக்கும் யூசபிலிட்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

யூசபிலிட்டி என்ற சொல்லின் வேர், பயன்படுத்துதல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரநியமம் (1998, திருத்தம் 2018) சொல்வது இதுதான்: குறித்த பாவனையாளர், குறித்த சூழலில், குறித்த வேலையைப் பிழையின்றியும் வீண் உழைப்பின்றியும் திருப்தியோடும் எந்தளவுக்கு முடிக்கிறார் என்பது. இதற்குள் நட்பு எங்கே இருக்கிறது? நட்பு மனிதருக்குள்ளே உள்ளது. செயலியில் அதை ஏற்றினால் வடிவான நிறமும் சிரித்த முகமும்தான் மனதில் வரும். அதனால்தான் எல்லாம் கட்டி முடித்துக் கடைசி வாரத்தில் “கொஞ்சம் நட்பாக்குவோம்” என்கிறார்கள். பிழையான சொல் வேலையையும் பிழையான இடத்துக்குத் தள்ளிவிடுகிறது.

‘பயன்பாட்டுத்தன்மை’யும் சரிவராது. பயன் இருப்பது வேறு, பயன்படுத்த இலகுவாக இருப்பது வேறு. ‘பயன்தகைமை’ என்றால் நம் நாட்டில் கல்வித் தகைமைதான் நினைவுக்கு வரும். ‘பாவனை’ நமக்கு இயல்பான சொல். கடலுக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் அது நடிப்பு.

கையாள்தகவு என்பதே பொருந்தும். ‘தக்கார் தகவிலர்’ என்ற குறளில் உள்ள அதே தகவு, அதாவது தகுதி. தகவு என்றால் யாருக்கு, எதற்கு என்ற கேள்வி கூடவே வரும். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டும்.

சம்மாந்துறை வட்டையில் 5 ஏக்கர் வயல் செய்பவருக்கு உர மானியப் படிவம் கைத்தொலைபேசியில் வருகிறது என்று வையுங்கள். பரப்பு ஹெக்டேயரில் கேட்கிறது. அவர் 5 என்று போட்டால் கணக்கில் 12 ஏக்கருக்கு மேல் ஏறிவிடும். அடுத்த கட்டம் அடையாள அட்டை இலக்கம். புதிய அட்டையில் 12 இலக்கம். பழையதில் 9 இலக்கமும் ஒரு ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும். எண் விசைப்பலகை மட்டும் திறந்தால் பழைய அட்டைக்காரர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ‘சமர்ப்பிக்கவும்’ என்ற நீளச் சொல், ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் பாதி வெட்டுப்படும். ‘அனுப்பு’ போதாதா? மொழிபெயர்ப்பாளரிடம் திரையைக் காட்டாமல் சொற்பட்டியலை மட்டும் கொடுத்தால் இப்படித்தான் வந்து சேரும்.

இவை எல்லாம் கடதாசியில் வரைந்த திரையிலேயே பிடிபடும். யூசபிலிட்டி ஆய்வாளர்களான நீல்சனும் லாண்டவரும் 1993இல் காட்டிய கணக்கு, நான்கைந்து பேரோடே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்பது. வரைந்த திரையையும் ஒரு வேலையையும் அந்த ஐந்து பேரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் இருந்து, விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்தால் சரி. அன்றைக்கு அழிறப்பரால் திருத்தலாம். தரவுத்தளம் நிறைந்த பிறகென்றால் அடையாள அட்டைக் கட்டத்தையும் அதன் சரிபார்ப்பையும் அறிக்கைகளையும் மாற்ற வேண்டும். ஹெக்டேயரில் பிழையாக ஏறிய ஒவ்வொரு வயலையும் திரும்பக் கேட்டு எழுத வேண்டும்.